சத்தம் நின்றால்

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருந்தது. வருகைப் பதிவேட்டில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்றபடி ஆம்புலன்ஸ் நிலையத்தில் எல்லோருக்கும் அவன் எட்டுதான். சின்னவர்களுக்கு எட்டண்ணன். எப்போதோ ஒரு பிரசவக் கேஸை, இருபது நிமிடம் பிடிக்கிற தூரத்தை எட்டே நிமிடத்தில் கடந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். குழந்தை வண்டியில் பிறக்காமல் கட்டிலில் பிறந்தது. பெற்றவளைவிட இவன்தான் அதிகம் பெருமைப்பட்டான் என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள். வேண்டியவர்களும் அதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் சிரித்துக்கொண்டு.

பதினான்கு வருடமாக ஓட்டுகிறான். ஒரு விபத்து கிடையாது. "வண்டியில ஒரு கீறல் காட்டு, மீசையை எடுத்துக்கறேன்" என்று சவால் விடுவான். மீசை பத்திரமாக இருந்தது.

வண்டியின் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் உண்டு. தலைமை அலுவலகம் எல்லா வண்டிக்கும் ஒட்டிவிட்டது. ‘முன்னால் வண்டி நின்று, மேலே சிவப்பு எரிந்தால் சைரனை நிறுத்தவும். பச்சை விழும்வரை காத்திருக்கவும்.’ காரணம் எளிது. பின்னால் சைரன் அலறினால் முன்னால் நிற்கிறவன் பதறுவான். பதறிப்போய் சிவப்பைத் தாண்டி நாற்சந்திக்குள் பாய்வான். குறுக்கே பச்சையில் வருகிறவனுக்கு இவன் வருவது தெரியாது. பயிற்சியில் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

ஆனால் நோயாளியை ஏற்றிய பிறகு எந்த டிரைவரும் அதைச் செய்வதில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு சைரன்தான் உயிர். இறந்தவரை ஏற்றிப் போகும்போது சைரன் போடமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் சத்தம் நின்றால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை மூத்த டிரைவர் ஒருவர் விதிப்படி சிவப்பில் சைரனை நிறுத்தினார். பின்னால் இருந்த மகன் "அம்மா, போயிட்டியா" என்று அலறி, ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கிற ஸ்பேனரை எடுத்து அவர் தோளில் ஒன்று போட்டான். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவருக்குத்தான் மூன்று தையல். அன்றிலிருந்து அந்த ஸ்டிக்கருக்கு எல்லோரும் மரியாதை கொடுப்பதோடு சரி. எட்டு தன் வண்டியில் அதன்மேல் கூலிங் கிளாஸை மாட்டி வைத்திருந்தான்.

அன்று காலை பத்து மணி இருக்கும். வாட்ச் கடைக்காரர் ஒருவர், ஐம்பத்திரண்டு வயது, கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஏற்றும்போது பேசிக்கொண்டுதான் இருந்தார். இரண்டாவது திருப்பத்தில் பேச்சு நின்றது. பின்னால் மருத்துவ உதவியாளர் அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். அவள் டாக்டர் இல்லை, ஆனாலும் நோயாளிகளை அதட்டுகிற அதட்டலுக்காக நிலையத்தில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். அவள் அழுத்துகிற ஒவ்வொரு அழுத்தலும் வண்டியின் தரையில் அதிர்ந்து அவன் சீட்டுக்கு வந்தது. நோயாளியின் மகன் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்த நடுத்தடுப்பைத் தட்டித் தட்டிக் கத்தினான்.

"அண்ணே, வேகமா போங்கண்ணே! உங்க கால்ல விழறேன்!"

நாற்சந்தியில் சிவப்பு. ஒரு பக்கம் பேருந்து. இன்னொரு பக்கம் சாலைத் தடுப்பு. நடுவில் ஒரு சின்ன வெள்ளைக் கார், பின்கண்ணாடியில் சிவப்பு ‘எல்’. அதற்குக் கீழே ஒரு காகிதம்: ‘புதியவர் ஓட்டுகிறார். கொஞ்சம் பொறுங்கள்.’

எட்டு அதைப் படித்தான். படித்துக்கொண்டேதான் சைரனோடு ஹாரனிலும் கட்டைவிரலை வைத்தான், எடுக்கவில்லை. வெள்ளைக் கார் ஒரு அடி நகர்ந்தது, நின்றது. மறுபடி ஒரு குதி குதித்து நின்றது. அப்போது பக்கத்து சீட்டின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. நீல முழுக்கைச் சட்டை. வாட்சின் முகம் மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருந்தது. ‘இதோ, இதோ வழி விட்டாச்சு’ என்பதுபோல் அந்தக் கை ஆடியது. கார் கோட்டைத் தாண்டிச் சாய்வாக நாற்சந்திக்குள் போனது. இடைவெளி கிடைத்தது. ஆஸ்பத்திரிச் சாலை அந்த முனையிலேயே பிரிகிறது. எட்டு இடைவெளிக்குள் நுழைந்தான், திரும்பினான், பறந்தான்.

சைரன் போட்டு ஓட்டுகிறவனுக்குப் பின்னால் உலகம் கிடையாது. அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இறக்கிய பத்தாவது நிமிடம் டாக்டரம்மா வியர்வையில் குளித்தபடி வெளியே வந்தாள்.

"நாடி வந்துடுச்சுண்ணே. இன்னும் ரெண்டு நிமிஷம் தள்ளியிருந்தா பெரிய டாக்டர் கையை விரிச்சிருப்பார்."

அவன் பாட்டிலில் இருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தான். குடித்து முடிப்பதற்குள் வயர்லெஸ் கூப்பிட்டது. ஆஸ்பத்திரிச் சாலை நாற்சந்தியில் விபத்து. ஒரு கார், ஒரு லாரி. பக்கத்தில் இருக்கிற வண்டி இவனுடையதுதான்.

போகிறவரை அவன் மனதில் ஒன்றும் இல்லை. போன பிறகுதான் அந்தப் பின்கண்ணாடியைப் பார்த்தான். கார் பக்கவாட்டில் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது, பின்கண்ணாடி மட்டும் விரிசல்கூட விடவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்ற காகிதம் அப்படியே இருந்தது.

பக்கத்து சீட்டில் டிரைவிங் மாஸ்டர். டாக்டரம்மா கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, எட்டைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினாள். மடியில் விழுந்திருந்த கையில் வாட்சின் முகம் உள்பக்கம் திரும்பியிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டியரிங்கில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. கால் எலும்பு முறிந்திருந்தது, நெற்றியில் ரத்தம். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார். சுற்றி நின்ற கூட்டம் அதற்குள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. பிரேக்கை மிதிக்கிறேன் என்று ஆக்சிலேட்டரை மிதித்திருக்கும் என்றான் ஒருவன். எல் போர்டு என்றால் வேறு என்ன எதிர்பார்க்க முடியும் என்றான் இன்னொருவன். முதலில் சொன்னவனுக்குத் தான் சொன்னது சரிதான் என்று ஆகிவிட்டது. லாரி டிரைவர் தலையில் கை வைத்து நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். பச்சையில்தான் வந்தேன், பச்சையில்தான் வந்தேன் என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை இல்லை. பெட்ரோல் பங்கில் வேலை செய்கிற ஒருவர் மட்டும், "ஒரு ஆம்புலன்ஸ் போச்சு சார்" என்றார். போலீஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரி ரோடுய்யா. நாள் பூரா போகும்."

அந்த அம்மாவை வெளியே எடுக்கும்போது அவர் எட்டின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மாத்தி மிதிச்சுட்டேனா தம்பி?"

அவன் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் போதும், சொல்லியிருக்கலாம். பிறகு எத்தனையோ முறை அந்த நொடியை அவன் நினைத்துப் பார்த்தான். ஸ்ட்ரெச்சரின் பெல்ட்டைப் போட்டான், கதவைச் சாத்தினான், ஓட்டினான். பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டுக்கொண்டே வந்தது. நாற்சந்தியில் கேள்வியாக இருந்தது ஆஸ்பத்திரி வாசலில் பதிலாக மாறியிருந்தது. "நான்தான் மாத்தி மிதிச்சுட்டேன். மாஸ்டரை நான்தான் கொன்னுட்டேன்."

அன்று மாலை வண்டியைக் கழுவும்போது எட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். ஒரு கீறல் இல்லை.

ஐந்தாம் நாள் வாட்ச் கடைக்காரரின் மகன் நிலையத்துக்கு ஒரு பெரிய கேக்கோடு வந்தான். மேலே கிரீமில் ‘8’ என்று எழுதியிருந்தது. அப்பா கஞ்சி குடிக்கிறாராம், நர்ஸைத் திட்டுகிறாராம், அதாவது பழைய ஆளாகிவிட்டாராம். சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். எட்டின் தோளில் தட்டி, கத்தியைக் கையில் கொடுத்தார். மகன் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எட்டு கேக்கை வெட்டினான். ஒரு துண்டை வாயில் போட்டான். கழிவறைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தான்.

வீட்டிலும் அவன் சரியில்லை. மனைவி ஒரு தையல் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள், ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். சாப்பிடும்போது அவள் அவன் கையைக் கவனித்தாள். ஒரு கை சோற்றில் இருந்தது, இன்னொரு கையின் கட்டைவிரல் மேஜை விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்தது. நகம் வெளுத்திருந்தது.

"என்னத்தை அப்படி அழுத்துறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"மூணு நாளா பாக்குறேன். டிவி பாக்கும்போதும் அழுத்துறீங்க. பாப்பாவுக்குத் தலை வாரும்போதும் அழுத்துறீங்க. அவளே கேக்குறா, அப்பா ஏம்மா என் தலையில பெல் அடிக்கிறார்னு."

அவன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான். அவள் மேலே கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் நிலையத்துக்கு ஒருவர் வந்தார். சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். கறுப்புக் கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. அந்த அம்மாவின் கணவர். தேடி விசாரித்து வந்திருக்கிறார்.

"தம்பி, என் சம்சாரத்தை ஆஸ்பத்திரியில சேர்த்தது நீங்கதானே? உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு வந்தேன்."

எட்டு அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தான். அவருக்குக் கண் பார்வை இரண்டு வருடமாக மங்கிக்கொண்டே வருகிறது. முன்பு மருந்துக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகிற வேன் ஓட்டியவர். இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், நான் ஓட்டுகிறேன் என்று மனைவி எல் போர்டு மாட்டிக்கொண்டாள். பதினோரு பாடம் முடிந்திருந்தது. மாஸ்டர் அவளை நல்ல கை என்று சொல்லுவாராம்.

"என் கண்ணு போகலைன்னா அவ அந்தக் காரில ஏறியே இருக்கமாட்டா. நான்தான் காரணம் தம்பி. ஆனா அதை எங்க போய் எழுதிக் கொடுக்கிறது?"

கண் மங்கியவர் தன்மேல் பழி போட்டுக்கொள்கிறார். காலொடிந்தவள் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். பச்சையில் வந்த லாரிக்காரன்கூடத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். போட்டுக்கொள்ள வேண்டியவன் மட்டும் கேக் வெட்டியிருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் பயம்தான் அதிகம்.

"அவளுக்குத் தலையில அடிபட்டதுல ஒண்ணும் சரியா ஞாபகமில்ல. ஏதோ சத்தம் கேட்டுச்சு, கார் போயிடுச்சுங்கிறா. அவ்வளவுதான். வர்ற செவ்வாய்க்கிழமை போக்குவரத்து ஆய்வாளர் விசாரணை. ‘நான்தான் மாத்தி மிதிச்சேன்’னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா. போட்டா கேஸ் ஆயிடும் தம்பி. கேஸைவிட..." அவர் பையின் வாரைத் திருகினார். "உக்காந்த இடத்துலேயே ஒரு காலைத் தூக்கி வெச்சு எடுத்து, வெச்சு எடுத்து பாக்குறா. கட்டுப் போட்ட காலு. எது பிரேக், எது மத்தது. நாள் பூரா இதே வேலை."

"நான் என்ன சார் செய்யணும்?"

"நீங்க அவகூட வண்டியில இருந்தீங்க. அவ வலியில என்னமோ உளறினா, அதை நம்பக் கூடாதுன்னு ஒரு வார்த்தை வந்து சொல்ல முடியுமா?"

அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்ததும் எட்டு டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். காகிதத்தைப் படித்தது, ஹாரனை அழுத்தியது, கை வெளியே வந்தது. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அவள் மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்தினாள்.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு நீங்க சைரனை நிறுத்தியிருந்தா, அந்தச் சிவப்பு எவ்வளவு நேரம்?"

"அது விழுந்து கொஞ்ச நேரம் ஆயிருந்தது. நாப்பது செகண்ட் இருந்திருக்கும்."

"வாட்ச் கடைக்காரர்?"

"தெரியாது. பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம்."

"அதான். தெரியாது. வண்டியில இருக்கிற பெட்டியில வேகம்தான் பதிவாகும், ஹாரன் பதிவாகாது. அங்க நின்ன பஸ் அப்பவே போயாச்சு. சிக்னல் கேமரா வேலை செய்யலை. நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது." அவள் குரல் இறங்கியது. "சொன்னா உங்க சீட் போயிடும். உங்களுக்கு வேற எந்த வேலைண்ணே தெரியும்?"

"அந்தம்மா காலை வெச்சு எடுத்து பாத்துக்கிட்டு இருக்காங்களாம்மா."

பஞ்சுப் பொட்டலங்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். முதலில் இருந்து, எல்லாவற்றையும் எடுத்து வைத்து.

அதற்குப் பிறகும் ஏழு நாள் போனது. அவன் ஒரேயடியாக நல்லவனாகிவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் லீவு போட்டான். விசாரணை அலுவலகம்வரை போய் வாசலிலேயே திரும்பி வந்தான். சூப்பர்வைசர் அறை முன்னால் இரண்டு முறை நின்றுவிட்டு, பேனா இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். செவ்வாய்க்கிழமை காலையில் மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவளிடம் சொன்னான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்தக் கட்டைவிரல் இதுக்குத்தானா?"

"ம்."

அவள் காலரை மறுபடி ஒருமுறை தேய்த்து, சட்டையை அவன் கையில் கொடுத்தாள். "சூடு ஆறட்டும். அப்புறம் போடுங்க" என்றாள்.

ஆய்வாளரின் அறை சின்னது. ஒரு மேஜை, நான்கு நாற்காலி, காலண்டர் இல்லாத ஆணி. மேஜைமேல் சாக்பீஸால் நாற்சந்தியை வரைந்திருந்தார்கள். அதில் ஒரு சிவப்பு பொம்மைக் கார், ஒரு பச்சை பொம்மை லாரி. அந்த அம்மா கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணவர். மூலையில் மாஸ்டரின் தம்பி, இவர்கள் பக்கமே பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆம்புலன்ஸ் டிரைவர்தானே? வாங்க" என்றார் ஆய்வாளர். "காயம்பட்டவங்க வண்டியில என்ன பேசினாங்கன்னு சொல்லிட்டுப் போங்க. இவங்க எழுதிக் கொடுத்துட்டாங்க. கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

காகிதம் அந்த அம்மாவின் மடியில் இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

எட்டு மேஜையைப் பார்த்தான். பொம்மைக் காரின் பின்னால் வெறும் சாக்பீஸ் கோடு.

"சார், இதுல ஒரு வண்டி குறையுது."

ஆய்வாளர் நிமிர்ந்தார். எட்டு மேஜையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து, சிவப்புக் காருக்குப் பின்னால், ஒட்டினாற்போல வைத்தான். வைத்த வேகத்தில் அது காரை இடித்தது. கார் கோட்டைத் தாண்டி நகர்ந்தது. அவன் அதைத் திரும்ப இழுத்து வைக்கவில்லை.

"இங்க நான் இருந்தேன். சைரன் போட்டிருந்தேன். ஹாரனையும் அழுத்திக்கிட்டே இருந்தேன். சிவப்புல முன்னாடி வண்டி நின்னா சைரனை நிறுத்தணும்னு எங்களுக்கு விதி இருக்கு. நான் நிறுத்தலை. பின்னாடி ஒட்டியிருந்த காகிதத்தைப் படிச்சேன். படிச்சும் நிறுத்தலை."

அவன் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"நீங்க மாத்தி மிதிக்கலைம்மா. ரெண்டு தடவை கொஞ்சம் நகர்த்திட்டு, பிரேக்கை சரியா மிதிச்சு நிறுத்தினீங்க. நான்தான் விடலை. அப்புறம் மாஸ்டர் ஜன்னல் வழியா கையை நீட்டி, வழி விடறோம்னு காட்டினார். அவர் போகச் சொல்லித்தான் நீங்க போயிருக்கீங்க. உங்க கால் மேல தப்பு இல்ல."

அந்த அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலில் இருந்த காலைக் குனிந்து பார்த்தார், அது வேறு யாருடைய காலோ என்பதுபோல. கணவர் தடவித் தேடி அவர் கையைப் பிடித்தார்.

"உள்ளே யார் இருந்தாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஹார்ட் அட்டாக் வந்தவர்."

"பொழைச்சாரா?"

"பொழைச்சுட்டார்."

அவர் தலையாட்டினார். எட்டுக்கு ஒரு நொடி மூச்சு வந்தது. அதற்குள் அவர் கேட்டார், குரலை உயர்த்தாமல்:

"இன்னிக்குப் பத்தொன்பதாவது நாள் தம்பி. பத்தொன்பது நாளா எங்க இருந்தீங்க?"



மாஸ்டரின் தம்பி எழுந்து மேஜைப் பக்கம் வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் எட்டு நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். அவர் ஸ்டேப்ளரைப் பார்த்தார்.

"அண்ணன் கையைக் காட்டினதை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். வாட்சை உள்பக்கமா கட்டியிருந்தார்."

"அப்படித்தான் கட்டுவார்" என்றார். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆய்வாளர் அந்த அம்மாவின் மடியிலிருந்து காகிதத்தை எடுத்து நான்காக மடித்தார், ஒரு வெள்ளைத் தாளை எட்டின் முன்னால் தள்ளினார்.

கேஸ் அந்த அம்மாவை விட்டு விலகியது. எட்டுக்கு எட்டு மாதம் ஸ்டியரிங் கிடையாது என்று உத்தரவு வந்தது. கணக்குப் போட்டுத்தான் எட்டு என்று போட்டார்களா, தானாக அமைந்ததா என்று நிலையத்தில் கொஞ்சநாள் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே எல்லோருக்கும் கூச்சமாகிவிட்டது. வெறும் அண்ணன் ஆனான். வண்டி கழுவினான், ஸ்ட்ரெச்சர் துடைத்தான், சிலிண்டர் எண்ணினான். மீசையை ஒருநாள் தானே எடுத்துவிட்டான். அந்த அம்மா மறுபடி கார் ஓட்டினாரா என்று அவனுக்குத் தெரியாது. விசாரிக்க அவனுக்கு வாய் இல்லை.

ஒன்பதாம் மாதம் சாவி திரும்பக் கிடைத்தது. முதல் வேலையாக ஸ்டிக்கரின் மேலிருந்த கூலிங் கிளாஸை எடுத்து அலமாரியில் வைத்தான். டாக்டரம்மா அதைப் பார்த்தாள்.

அன்றே மதியம் ஒரு கேஸ் வந்தது. மூச்சுத் திணறல். வயதானவர், உதடு நீலம் பாய்ந்திருந்தது. கூட வந்தது அவருடைய மகள். ஏற்றி முடித்ததும் அவன் நேராக ஸ்டியரிங்குக்குப் போகவில்லை. பின்கதவில் நின்றான்.

"அம்மா, ஒரு நிமிஷம் கேளுங்க. வழியில நான் சைரனை நிறுத்துவேன். சத்தம் நின்னா அப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க. முன்னாடி நிக்கிறவங்க பதறக் கூடாதுன்னு நிறுத்துறேன். அப்பா முகத்தையே பாத்துக்கிட்டு இருங்க. என்னைப் பாக்காதீங்க."

அவள் புரிந்தும் புரியாமலும் தலையாட்டினாள்.

அதே நாற்சந்தி. சிவப்பு. முன்னால் ஒரு பழைய கார், உள்ளே தனியாக ஒருவர். கண்ணாடியில் ஆம்புலன்ஸைப் பார்த்துவிட்டு அவர் பதறுவதும், கியரில் கை போவதும், கார் ஒரு அடி நகர்வதும் தெரிந்தது. குறுக்கே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அவன் சைரனை நிறுத்தினான்.

"அப்பா!" என்று பின்னால் மகள் அலறினாள். "ஏன் நிறுத்திட்டீங்க? ஐயோ, ஏன் நிறுத்திட்டீங்க?" நடுத்தடுப்பில் கையால் அறைந்தாள். சொல்லிவைத்ததெல்லாம் அந்த நொடியில் பறந்துவிட்டது. டாக்டரம்மாவின் அதட்டல் கேட்டது: "அங்க பாக்காதீங்க. இங்க பாருங்க, அப்பாவைப் பாருங்க. கண்ணு முழிச்சிருக்கார் பாருங்க."

அவன் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினான். உள்ளங்கையை விரித்து முன்னால் இருந்தவருக்குக் காட்டினான். நில்லுங்க. நில்லுங்க. கார் நின்றது. அவர் கண்ணாடியில் இவனைப் பார்த்தார், கியரிலிருந்து கையை எடுத்தார்.

சிவப்பில் முப்பத்தொரு விநாடி பாக்கி இருந்தது. இவ்வளவு நீளமான முப்பத்தொன்றை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கட்டைவிரல் தானாக ஹாரன் பக்கம் போனது. அதை மற்ற நான்கு விரலுக்குள் வைத்து மூடிக்கொண்டான். மகளின் அழுகை மெல்ல அடங்கியது. பின்னால் இப்போது ஒரு சத்தம்தான் மிச்சம். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் கிழவர் மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். இத்தனை வருடத்தில் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து அவன் அதைக் கேட்டதே இல்லை.

பச்சை விழுந்தது. முன்னால் இருந்தவர் ஒதுங்கி வழி விட்டார். அவன் சைரனைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.